யாரைப் பாடுவது? இசையும் அரசியலும் குறித்து ஒரு பார்வை

1966இல் வந்த 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆர். சிம்லா மலைப்பாதையில் துள்ளி நடந்தபடி பாடும் பாட்டு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. வாலி எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்து, டி.எம்.சௌந்தரராஜன் பாடிய அந்தப் பாட்டின் இசைத்தட்டில் 'உதயசூரியன்' வருகிறது. திரையில் அதே இடத்தில் 'புதிய சூரியன்' வருகிறது. தி.மு.க.வின் தேர்தல் சின்னம் பாட்டுக்குள் இருப்பதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை. அப்போது சென்னை மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி. மெட்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, ஒரு சொல் மட்டும் மாறியது. அடுத்த ஆண்டே ஆட்சியும் மாறியது. பாட்டால் ஆட்சி மாறியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு காதல் படத்தின் குதூகலப் பாட்டில் இருக்கும் ஒரு சொல்லுக்கு அரசு அஞ்சியது என்பது உண்மை.

இசைக்குள் அரசியல் வரலாமா என்ற கேள்வி தமிழகத்தில் ஓயாமல் எழுகிறது. சபாக்களில் எழுகிறது, சினிமாவில் எழுகிறது, கோவில் விழாக்களில் எழுகிறது, நீதிமன்றம் வரைக்கும் போகிறது. வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பழகிப்போன அரசியலை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. புதிதாக மேடையேறுகிறவர் கொண்டுவரும் அரசியல்தான் 'கலையைக் கெடுக்கிறது' என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகிறது.

தமிழின் மிகப் பழைய பாட்டு மரபே ஆட்சியாளரைச் சுற்றி வளர்ந்தது. பாணரும் பொருநரும் விறலியரும் யாழோடும் பறையோடும் வள்ளல்களைத் தேடிப் போனார்கள். எந்த மன்னனிடம் போனால் பரிசில் கிடைக்கும் என்று வழிகாட்டுவதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை உருவானது. புகழ்வது மட்டுமே அவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனுக்கு உழவரின் நிலையை எடுத்துச் சொல்கிறார். அதைப் பாடி நிலவரி பாக்கியைத் தள்ளுபடி செய்ய வைத்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. 46ஆம் பாட்டில் கோவூர்கிழார், யானைக் காலில் இடறவிருந்த மலையமானின் பிள்ளைகளுக்காக அதே பெயருடைய சோழனிடம் வாதாடுகிறார். வரித் தள்ளுபடியும் உயிர்ப்பிச்சையும் கேட்ட பாட்டுகளை அரசியல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

பக்தி மரபும் இதற்கு விலக்கில்லை. பல்லவ மன்னன் அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பியபோது திருநாவுக்கரசர் வர மறுத்துப் பாடிய பதிகத்தைப் பெரியபுராணம் பதிவு செய்திருக்கிறது. யாருக்கும் அடிமையில்லை என்ற அந்த அறிவிப்பை இன்றும் ஓதுவார்கள் சந்நிதியில் பண்ணோடு பாடுகிறார்கள். கேட்பவர் கைகூப்பி நிற்கிறார். ஓர் அரசாணையை மீறிய பாட்டு அது என்பது அந்த நேரத்தில் எத்தனை பேருக்கு நினைவுக்கு வரும்? தியாகராஜரைப் பற்றியும் இப்படி ஒரு மரபுக் கதை உண்டு. சரபோஜி மன்னரின் அழைப்பை மறுத்து, செல்வம் சுகமா சந்நிதி சுகமா என்ற பொருளில் அவர் ஒரு கீர்த்தனை பாடினாராம். நரஸ்துதி, அதாவது மனிதரைப் பாடுவது, கூடாது என்பது அவர் கொள்கை. கர்நாடக இசை அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பதற்கு இந்தக் கதையைத்தான் பலரும் சான்று காட்டுகிறார்கள். அரண்மனையைப் பாட மறுப்பது அரண்மனையைப் பற்றிய ஒரு முடிவு என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை எழுதினார். பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை, நந்தனைப் பண்ணையில் கட்டிவைத்து வேலை வாங்கும் வேதியரை, அவர் உருவாக்கினார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளின் குரல் கதாகாலட்சேப மேடைகளில் ஒலித்தது. ராகம் சுத்தம், தாளம் சுத்தம். உள்ளே இருப்பதோ நில உடைமையின் கொடுமை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார்; வேதியர் வேடத்தில் வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் தூய்மை அடைய வேண்டுமா என்ற கடுமையான கேள்வியும் பின்னால் எழுந்தது. அது எழ வேண்டிய கேள்விதான். அந்தப் பாட்டுகள் இல்லையென்றால் கச்சேரி மேடையில் ஒரு பண்ணையாளின் அழுகை கேட்டிருக்கவே வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விடுதலைப் போராட்டக் காலத்தில் பாட்டும் அரசியலும் ஒன்றுகலந்த அளவுக்கு அதற்கு முன்னும் பின்னும் கலந்ததில்லை. சு.தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தம் ஆய்வு நூலில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952) நாடகங்களுக்கு எழுதிய பாட்டுகள் இசைத்தட்டாகி ஊரெங்கும் போயின. வள்ளி திருமணத்தில் வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சி வரும். அவள் பறவை விரட்டும்போது, வெள்ளைக் கொக்கை விரட்டுவதாக ஒரு பாட்டு. எந்த வெள்ளையை விரட்டச் சொல்கிறார்கள் என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காவலருக்கும் தெரியும். 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அவர்கள் கையில் இருந்தது.

அந்தப் பாட்டைத் தம் குரலால் நிலைநிறுத்தியவர் எஸ்.எஸ்.விசுவநாததாஸ். நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. அரசின் சிறையும் சாதியின் ஒதுக்கலும் சேர்ந்தே அவரைத் துரத்தின. பலமுறை கைதானார், வெளியே வந்ததும் மறுபடி மேடையேறிப் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது. இசையின் தூய்மையைப் பேசுகிறவர்கள் விசுவநாததாஸின் குரல்வளத்தைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அவரை ஒரு தியாகியாக மட்டும் நிறுத்திவிட்டார்கள். அவர் முதலில் ஒரு பாடகர். சனங்கள் காசு கொடுத்துக் கேட்க வந்தது அவர் பாட்டை.

பாடகரின் செல்வாக்கைக் கட்சிக்குக் கொண்டுவரும் கலையை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர் எஸ்.சத்தியமூர்த்தி. அவரே நாடகத்தில் நடித்தவர். கே.பி.சுந்தராம்பாளைக் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வெண்கலக் குரல் ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே திடலின் கடைசி வரிசைவரை எட்டியது. 1951இல் சுந்தராம்பாள் சென்னை மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் அவர்தான். எம்.ஜி.ஆர். காலத்தில்தான் சினிமா அரசியலுக்குள் வந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

பாரதியின் பாட்டுகளுக்கு நேர்ந்தது இன்னும் முக்கியம். அவர் மறைந்து ஏழு ஆண்டு கழித்து, 1928இல், பர்மா அரசு அவருடைய நூல்களைத் தடைசெய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் காவல்துறை பிரதிகளைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்து வாதாடினார். செத்துப்போன ஒரு கவிஞரின் பாட்டுப் புத்தகத்துக்காக ஒரு சட்டசபை தன் வேலையை நிறுத்திவைத்துப் பேசியது. 1939இல் கே.சுப்ரமணியம் இயக்கி, கல்கி கதை எழுதி, பாபநாசம் சிவன் நடித்த 'தியாகபூமி'யும் பின்னர் தடைசெய்யப்பட்டது. அதில் தேச சேவைக்கு அழைக்கும் பாட்டைப் பாடியவர் டி.கே.பட்டம்மாள். 1947 ஜனவரியில் வந்த ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' படத்திலும் பட்டம்மாள் பாரதியைப் பாடினார். சுதந்திரம் கிடைத்துவிட்டதாகவே பாவித்து பாரதி எழுதிய பாட்டு, சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னதாகக் கொட்டகைகளில் ஒலித்தது. அந்தப் பாட்டுகளின் ஒலிபரப்பு உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கலாமா என்ற சண்டை மூண்டு, 1949இல் சென்னை அரசே உரிமையைக் கையகப்படுத்தியது. பறிமுதல் செய்த அரசாங்கம் இருபத்தோரு ஆண்டில் அதே பாட்டுகளைப் பொதுச்சொத்தாக்க முன்வந்தது.

இன்று கச்சேரிகளில் பாரதி பாட்டு எங்கே வருகிறது? பெரும்பாலும் தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு, துக்கடாவாக. பாதி ரசிகர்கள் எழுந்து கேன்டீனுக்கோ வண்டி நிறுத்துமிடத்துக்கோ நகரும் நேரத்தில். ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பிய பாட்டுகளை இனிமையான பின்குறிப்பாக மாற்றிவிட்டோம். இது வருத்தம் தருவது. ஒரு விவாதத்தையும் இது தெளிவாக்குகிறது: சங்கீத மேடை அரசியல் பாட்டை ஒருபோதும் முழுதாக விலக்கவில்லை. சூடு ஆறிய பிறகு உள்ளே அனுமதித்தது.

அந்த மேடையின் பிறப்புச் சான்றிதழே அரசியல்தான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு கூடியது. அங்கு எடுத்த முடிவின்படி 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. ஒரு கட்சி மாநாட்டின் பந்தலிலிருந்து எழுந்து வந்த அமைப்பு, பதின்மூன்று ஆண்டு கழித்துத் தமிழிசை இயக்கத்தை எதிர்கொண்டபோது இசைக்கு மொழி முக்கியமில்லை, தரமே முக்கியம் என்ற நிலையை எடுத்தது. 1941இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் சிதம்பரத்தில் நடந்த மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கு உரிய இடம் வேண்டும் என்று கேட்டிருந்தது. கல்கியும் ராஜாஜியும் ரசிகமணி டி.கே.சி.யும் அந்தக் கோரிக்கையின் பக்கம் நின்றார்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பெரியார் ஒரு படி மேலே போய், பாடுவது தமிழில் இருந்தால் போதுமா, பாடுபொருள் முழுக்கக் கடவுளாகவே இருந்தால் என்ன பயன் என்று கேட்டார். 1946இல் திருவையாற்று ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, அண்ணா 'திராவிட நாடு' இதழில் அதைக் கண்டித்து எழுதினார். தமிழ்நாட்டில் தமிழில் பாடுவது அரசியலாகப் பார்க்கப்பட்ட ஆண்டுகள் அவை. இன்று அதே பாபநாசம் சிவனும் முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் இல்லாமல் கச்சேரிப் பட்டியல் நிறையுமா?

1966இல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். போரை விடுங்கள், போட்டியை விடுங்கள் என்று உலகத்தாருக்குச் சொல்லும் காஞ்சிப் பெரியவரின் சமஸ்கிருதப் பாடலும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலும் அந்த நிகழ்ச்சியில் இடம்பெற்றன. வல்லரசுகள் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த நாட்களில் இதைவிட நேரடியான அரசியல் செய்தி இருக்க முடியாது. சங்கீதத்தை அரசியலாக்கிவிட்டார் என்று எம்.எஸ்.மீது யாரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாட்டில் சொல் இருந்தால்தான் அரசியல் என்பதும் இல்லை. நாகசுரக் கலைஞர்கள் கோவில் வீதியில் மணிக்கணக்கில் ராகம் வாசித்தார்கள். தோளில் துண்டு போடும் உரிமை அவர்களுக்கு இல்லை. வியர்வை துடைக்கும் துண்டை இடுப்பில்தான் கட்ட வேண்டும். கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்ததை ஊரார் சிலர் எதிர்த்தபோது, துண்டை எடுக்க வேண்டாம் என்று சுயமரியாதை இயக்கத்தார் அவருக்குத் துணைநின்றார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோட்டும் சட்டையும் அணிந்து, மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்று அதைச் சாதித்தார். அவர் வாசித்த தோடியில் ஒரு செய்தியும் இல்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

பறையின் கதை இன்னும் ஆழமானது. சாவு வீட்டில் பறை அடிப்பது ஒரு சாதியின் கட்டாயத் தொழிலாக இருந்தது. இனி அடிக்க மாட்டோம் என்று சேரி இளைஞர்கள் மறுத்த ஊர்களில் அடிதடி நடந்திருக்கிறது. வாசிக்க மறுத்ததே அங்கே போராட்டம். அந்தக் கருவியே அடிமைச் சின்னம், அதைக் கைவிட வேண்டும் என்று தலித் இயக்கங்களுக்குள் ஒரு சாரார் வாதிட்டார்கள். ஆதித்தமிழர் இசை அது, தலைநிமிர்ந்து வாசிப்போம் என்றார்கள் மற்றொரு சாரார். இரண்டு பக்கமும் நியாயம் உள்ள விவாதம் இது, முடிந்தும் போகவில்லை. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவிகள் பயிற்சி எடுத்து அடவு வைக்கிறார்கள். சபா மேடைகளில் இன்னும் அதற்கு வழக்கமான இடம் இல்லை.

திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் பாட்டை நம்பியே கிராமங்களுக்குள் போயின. நாகூர் இ.எம்.ஹனிபாவின் கணீர்க் குரல் ஒலிக்காமல் அந்நாளில் தி.மு.க. மாநாடு தொடங்காது. அதே குரல் இஸ்லாமிய பக்திப் பாட்டுகளையும் பாடி, இந்துக் குடும்பங்களின் டேப்ரிகார்டர்களுக்குள்ளும் புகுந்தது. ஒரே மனிதர் கட்சியையும் இறைவனையும் பாடினார், கேட்டவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இறந்தபோது வயது 29. விவசாயக் கூலி வேலையும் கட்சி வேலையும் பார்த்த அனுபவத்தை அப்படியே சினிமா மெட்டுக்குள் கொண்டுவந்தார். திரைப்பாட்டில் உழைப்பு, கூலி, சுரண்டல் என்ற விஷயங்கள் இயல்பாக உட்கார்ந்தது அவரால்தான். அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ 'கருத்துப் பாட்டுகள்' மறைந்துபோயின. கருத்து பழசானதால் மறையவில்லை. அவை மேடைப் பேச்சைச் சந்தத்தில் அடைத்துக் கொடுத்தன, அவ்வளவுதான். பட்டுக்கோட்டையாரின் பாட்டு நடவு வயலில் பாடினாலும் பொருந்தும். இந்த வித்தியாசம்தான் இந்தக் கேள்வியின் கலைப் பக்கம்.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். நாள் முழுவதும் செய்தியிலும் தெருவிலும் கட்சிச் சண்டையைக் கேட்டு அலுத்தவர், மாலையில் இரண்டு மணி நேரம் ஒரு காம்போதியில் இளைப்பாற நினைக்கிறார். அங்கேயும் உபதேசமா என்று அவர் கேட்பதில் தவறு என்ன? பணம் கொடுத்து உட்கார்ந்தவரால் பாடகருக்குப் பதில் சொல்லவும் முடியாது. இதைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. இசை அறிவைத் தாண்டி உடம்புக்குள் இறங்குகிறது. ஆகவே அது ஆபத்தான கருவி. ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலையின்போது சிமோன் பிகிண்டியின் பாட்டுகள் வெறுப்பைப் பரப்பிய வானொலியில் ஒலித்தன. பின்னால் சர்வதேசத் தீர்ப்பாயம் அவரை விசாரித்தது. 2008இல் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தபோது, வண்டியில் போய் ஒலிபெருக்கியில் கொலைக்குத் தூண்டிப் பேசியதற்காகவே தண்டித்தது. பாட்டுகளை எழுதியதற்காகத் தண்டிக்கவில்லை. நீதிபதிகள் மிகக் கவனமாக இழுத்த அந்தக் கோடு, உலகெங்கும் பாட்டைக் குற்றமாக்கத் துடிப்பவர்கள் படிக்க வேண்டியது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஈழத்தில் இருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காசி ஆனந்தன் போன்ற கவிஞர்கள் எழுதியும், தேனிசை செல்லப்பா, எஸ்.ஜி.சாந்தன் போன்றோர் பாடியும் கேசட்டுகளாகப் பரவிய பாட்டுகள், ஒரு சமூகத்தின் இழப்பைத் தாங்கிப் பிடித்தன. புலம்பெயர்ந்த வீடுகளில் இன்றும் அவற்றைக் கேட்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்க்களத்துக்குப் பிள்ளைகளை அழைத்ததும் அதே பாட்டுகள்தான். இரண்டையும் ஒருசேர நினைக்காமல் அவற்றைப் பேசுவது நேர்மையாகாது. அரசியல் பாட்டு எப்போதும் நல்லதே செய்யும் என்று வாதிடுகிறவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பாட்டுக்குப் பலம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பலத்துக்குப் பொறுப்பும் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பொறுப்பை யார் கேட்பது என்பது வேறு விஷயம். 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குப் போராட்டத்தில் உயிரிழந்தார். அக்டோபர் இறுதியில், டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும் முதலமைச்சரை விமர்சித்தும் பாடியதற்காக மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் திருச்சியில் அவர் வீட்டில் கைதானார். கையில் பறையோடு தெருவில் பாடுகிறவர்மீது தேசத்துரோகச் சட்டப்பிரிவு பாய்ந்தது. நவம்பரில் பிணையில் வந்தார். 2018 ஏப்ரலில் வேறொரு பாட்டுக்காக, இந்த முறை பிரதமரைப் பற்றிப் பாடியதற்காக, மறுபடியும் கைதானார். இடையில் மாநில அரசை நடத்தியவர் மாறியிருந்தார்; பாடகரைக் கைது செய்யும் வழக்கம் மாறவில்லை. கோவன் பாட்டில் நயமில்லை, வசைதான் இருக்கிறது என்று ரசனையோடு விமர்சிக்கலாம். அந்த விமர்சனத்தை எழுத வேண்டியவர் விமர்சகர். காவல் ஆய்வாளர் இல்லை.

அதே 2015 ஜூலையில் வந்த இன்னொரு பாட்டு வேறு வழியில் போனது. கொடைக்கானலில் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவால் 2001இல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டாகத் தொழிலாளர்கள் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோஃபியா அஷ்ரஃப் ஒரு பிரபலமான அமெரிக்க ராப் பாட்டின் மெட்டில் அவர்கள் கதையைப் பாடினார். சில நாட்களில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் இதைச் சாதிக்கவில்லை. அத்தனை ஆண்டு வழக்கும் போராட்டமும் நடத்திய தொழிலாளர்களின் வெற்றி இது. நிறுவனம் பதில் சொல்லாமல் இருக்க முடியாத நிலையை அந்த மூன்று நிமிடப் பாட்டு உண்டாக்கியது. 2017 தொடக்கத்தில் கபேர் வாசுகி எழுதி டி.எம்.கிருஷ்ணா பாடிய எண்ணூர்ப் புறம்போக்குப் பாட்டு, அனல்மின் சாம்பல் கொட்டிய கழிமுகத்தைக் கர்நாடக ராகமாலிகையில் கொண்டுவந்தது. பேச்சுத் தமிழ் கச்சேரி ராகத்துக்குள் எவ்வளவு அழகாக உட்காரும் என்பதை அது காட்டியது. சூழலியல் செய்திக்காக மட்டும் இல்லாமல், இசைக்காகவும் கேட்க வேண்டிய பாட்டு அது.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறையாக மேடையேறியது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அதுவரை வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, ஆயிரக்கணக்கான பேர் நின்று கேட்கும் இசையானது. அந்தக் குழுவிலிருந்து வந்த இசைவாணியை 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. சபரிமலை நுழைவையொட்டி அவர் முன்பு பாடிய பாட்டுக்கு 2024 நவம்பரில் திடீரென எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பின. பாடகர் அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி, இங்கும் நிலமில்லாமல் வாழ்ந்த அவருடைய பாட்டியின் கதை அதன் வேர். அந்தப் பாட்டைக் கொண்டாடிய ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாமல் போனதும், அதற்கு எழுந்த கண்டனமும் யாருக்கும் மறந்திருக்காது. நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டில் எழுதியவருக்கே இடம் கேட்டு நிற்க நேர்ந்தது.

2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி அறிவித்தது. ரஞ்சனி-காயத்ரி சகோதரிகள் டிசம்பர் விழாவில் பாடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். பெரியாரை அவர் போற்றியது அவர்கள் முன்வைத்த முக்கியமான காரணம். அவர்களுக்கு மேடையை மறுக்கும் உரிமை முழுமையாக உண்டு. அதுவும் ஓர் அரசியல் செயல்தான், அதை மதிக்கலாம். எம்.எஸ். பெயரால் வழங்கப்படும் விருது தொடர்பாக வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இத்தனை சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது: அந்தப் பாடகரின் ஆலாபனை எப்படி? கலாநிதி பட்டம் அதற்குத்தானே. அவரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அவர் பாட்டைப் பற்றிப் பேசிய வரிகள் மிகக் குறைவு.

அரசியல் பாட்டுக்கு இன்று வேறொரு வடிவமும் வந்திருக்கிறது. தேர்தல் வந்தால் கட்சிகள் தொழில்முறை இசையமைப்பாளர்களைக் கொண்டு பாட்டு தயாரிக்கின்றன. அது வாட்ஸ்அப்பிலும் பிரச்சார வண்டியிலும் ஒரே நாளில் மாவட்டம் முழுக்கப் போகிறது. தலைவர் பெயரைப் பல்லவியில் வைத்து அடிக்கும் இந்தப் பாட்டுகளை இசையைக் கெடுக்கும் அரசியல் என்று யாரும் நீதிமன்றம் போவதில்லை. அதிகாரத்தைப் பாடுவதற்குப் பரிசில் கிடைப்பது பாணர் காலத்து வழக்கம். அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பாட்டைவிட அதைப் புகழும் பாட்டைத்தான் ரசிகர்கள் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். கேள்வி கேட்பவர் எதையாவது இழக்கத் தயாராக வருகிறார். புகழ்பவர் அப்படி வர வேண்டியதில்லை.

சட்டத்தின் கதை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை அடக்குவதற்காக 1954இல் கொண்டுவரப்பட்ட தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. விசுவநாததாஸ் காலத்து 1876ஆம் ஆண்டுச் சட்டம் நாடு விடுதலையாகி எழுபது ஆண்டு கழித்து, 2018இல் நீக்கப்பட்டது. கோவன்மீது போடப்பட்ட 124ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு அந்த இடத்தில் இருக்கிறது. பேச்சு, எழுத்து, சைகை, மின்னணுத் தகவல் எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. தெருவில் பாடும் பாட்டும் யூடியூபில் ஏற்றும் பாட்டும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஒரு பாட்டின்மேல் அந்தப் பிரிவைப் போடுவதற்கு முன் எந்த அதிகாரி, எதை வைத்து, எப்படி முடிவு செய்ய வேண்டும் என்பதற்கு நீதிமன்றங்கள் தெளிவான வரையறை தர வேண்டும். அடுத்த கைது நடப்பதற்கு முன்பே அது வேண்டும்.